சாயம் பிடிக்காததற்குச் சாயம் காரணமில்லை

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தீசிஸுக்காக ஒரு மருந்தைச் சோதிக்க 24 எலிகள். ஒவ்வொன்றின் கல்லீரல், விரைகள், மூளை மூன்றையும் முழுசாக எடுத்து, எலிக்கு ஒரு பாட்டில் என்று, குழாய்த் தண்ணீரில் கலந்த 10 சதவீத ஃபார்மலினில் (திசு கெடாமல் இறுக்கி வைக்கும் ஃபார்மால்டிஹைடு கரைசல்) போட்டு இரண்டு மாதம் அலமாரியில் வைத்திருந்தீர்கள். பிறகு வெளியே ஒரு லேபில் கொடுத்து, மெல்லிய செக்‌ஷன்களாகச் சீவி, சாயமேற்றி ஸ்லைடு போட்டு வாங்கினீர்கள். கல்லீரல் ஸ்லைடில் ஓரம் மட்டும் நன்றாக இருக்கிறது. நடுவில் உட்கருவே சரியாகத் தெரியாமல் எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. மேலே பொடி தூவினாற்போல் கறும்பழுப்புப் புள்ளிகள். மூளை செக்‌ஷன் நொறுங்குகிறது, நியூரான்கள் சுருங்கிக் கறுத்துக் கிடக்கின்றன. ஆன்டிபாடி ஸ்டெயினிங்கில் (குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்துக் காட்டும் சாயமுறை) ஒன்றுமே வரவில்லை. உட்கருவை நீலமாக்கும் சாயமான ஹீமடாக்சிலின் பழசாகிவிட்டதா, வேறு கம்பெனி பாட்டில் வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

பாட்டிலை மாற்ற வேண்டாம். கல்லீரலின் ஓரத்தில் நீலம் அழகாகப் பிடித்திருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதே ஸ்லைடு, அதே சாயம், அதே நிமிடங்கள். நடுவில் மட்டும் பிடிக்கவில்லை என்றால், சாயம் வந்து சேர்வதற்கு இரண்டு மாதம் முன்பே நடுவில் இருந்த திசு கெட்டுப்போயிருக்கிறது. நீங்கள் சொன்ன ஐந்து கோளாறுகளில் நான்கு, உறுப்பை எடுத்த அன்றைக்கும் அது பாட்டிலில் இருந்த நாட்களிலும் நடந்தவை.

உயிர் போனதும் செல்லுக்கு ஆக்சிஜன் நின்றுவிடுகிறது. ஆனால் செல்லுக்குள் இருக்கும் என்சைம்கள் நிற்பதில்லை. தன்னையே செரிக்க ஆரம்பித்துவிடும். கணையம், குடலின் உள்படலம், மூளை, சிறுநீரகக் குழல்கள் எல்லாம் இதில் ரொம்ப வேகம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எலியின் சிறுகுடல் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, மற்ற உறுப்புகளை எடை போட்டு முடித்துக்கொண்டு வந்தேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பிறகு ஸ்லைடில் பார்த்தால் குடல் விரல்களின் நுனிகள் எல்லாம் உதிர்ந்து குழலுக்குள் மிதக்கின்றன. மருந்தின் விளைவு என்று என் சீனியர் எழுதப் போனார். மருந்து கொடுக்காத கன்ட்ரோல் எலியிலும் அப்படியே இருந்ததைக் காட்டிய பிறகுதான் நிறுத்தினார். அந்த எலியை நாங்கள் வீணாகக் கொன்றிருந்தோம். அன்றிலிருந்து ஃபார்மலின் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கத்தரியை எடுக்கிறேன்.

ஃபார்மலின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் ஸ்லைடுகள் தாமாகவே புரிந்துவிடும். 1893-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் பிளம் என்ற மருத்துவர் ஃபார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். தன் விரல் தோல், ஆல்கஹாலில் ஊறிய திசுவைப் போல விறைத்துப் போவதைக் கவனித்தார். பிறகு திசுக்களைப் போட்டுப் பார்த்தார். கடைச் சரக்கைப் பத்துக்கு ஒன்றாகக் கரைத்து அவர் பயன்படுத்திய அளவுதான் இன்றும் நம் கையில் இருக்கிறது. கடையில் வரும் ஃபார்மலினில் 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு உண்டு. அதைப் பத்தில் ஒன்றாக்கினால் ஏறத்தாழ 4 சதவீதம். ஆகவே 10 சதவீத ஃபார்மலினும் 4 சதவீத ஃபார்மால்டிஹைடும் ஒன்றுதான். இந்தப் பெயர்க் குழப்பத்தில், '4 சதவீதம்' என்று படித்துவிட்டு 4 மி.லி. ஃபார்மலினை 96 மி.லி. தண்ணீரில் கலக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் இருப்பது ஒன்றரை சதவீதம்தான்.

ஃபார்மால்டிஹைடு புரதங்களில், முக்கியமாக லைசின் என்ற அமினோ அமிலத்தில், ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பக்கத்துப் புரதத்தோடு பாலம் கட்டும். பாலங்கள் சேரச் சேரத் திசு வலைபோலப் பின்னி இறுகிவிடுகிறது. என்சைம்களும் அந்த வலையில் மாட்டிச் செயலிழந்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, உள்ளே நுழைவது வேறு, பாலம் கட்டுவது வேறு என்பதுதான். தண்ணீரில் ஃபார்மால்டிஹைடின் பெரும்பகுதி மெத்திலீன் கிளைக்கால் என்ற வேறு உருவத்தில் இருக்கிறது. அது சுலபமாக உள்ளே போகும், ஆனால் எதனோடும் வினைபுரியாது. வினைபுரியும் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். அதனால் மெல்லிய துண்டுக்கும் முழுசாக இறுக ஒரு நாள் வேண்டும். ஆறு மணி நேரத்தில் எடுத்துக் கழுவினால், ஒட்டியதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். ஸ்லைடு போடும் வேலையில் அடுத்து வரும் ஆல்கஹால் மிச்ச வேலையைத் தன் பாணியில் செய்து, புரதத்தைத் திரித்து, உட்கருவைச் சுருக்கிவிடும். ஓரம் ஃபார்மலினில் இறுகியது, நடு ஆல்கஹாலில் இறுகியது என்று ஒரே ஸ்லைடில் இரண்டு திசுக்கள் இருக்கும்.

இனி நுழைகிற வேகம். பிற்காலத்தில், 1960-இல், உறுப்பு மாற்று ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவர், 1941-இல் இதை அளந்து சொன்னார். திரவம் ஊடுருவும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதாவது இரண்டு மடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம். முதல் மணி நேரத்தில் ஃபார்மலின் சுமார் 1 மி.மீ. போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மி.மீ. போக 4 மணி நேரம், 5 மி.மீ. போக 25 மணி நேரம். உங்கள் எலியின் கல்லீரல் மடல் ஒரு சென்டிமீட்டர் தடிமன் என்றால் அதன் நடு, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் 5 மி.மீ. உள்ளே இருக்கிறது. அந்த 25 மணி நேரமும், நம் ஊர் அறை வெப்பத்தில், நடுப்பகுதி தன்னைத்தானே செரித்துக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு மாதம் ஊறினாலும் அழுகினது அழுகினதுதான்.

பெரிய மீனைக் கருவாடு போடும்போது முழுசாக உப்பில் புதைத்தால் என்ன ஆகும் என்று நம் கடற்கரைப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். வயிற்றைக் கீறிப் பிளந்து உப்பைத் திணிப்பது அதற்காகத்தான். கல்லீரலையும் எடுத்த உடனே புதிய பிளேடால் 3 அல்லது 4 மி.மீ. துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். கத்தரியால் நசுக்காதீர்கள். திசுவின் கன அளவைப் போலக் குறைந்தது பத்து மடங்கு, முடிந்தால் இருபது மடங்கு திரவம் இருக்க வேண்டும். மூன்று உறுப்புகளை ஒரே பாட்டிலில் அடைத்தது இங்கேதான் உங்களைக் கெடுத்தது. துண்டு பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் திரவம் போகாது. கீழே ஒரு சிறு துணியோ ஃபில்டர் பேப்பரோ போடுங்கள், இடையிடையே பாட்டிலை மெல்ல ஆட்டிவிடுங்கள். மறுநாள் ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். முழுவதும் ஒரே சாம்பல் கலந்த பழுப்பாக, அழுத்தினால் விறைப்பாக இருந்தால் சரி. நடுவில் சிவப்பாக, பச்சை ஈரலின் மினுமினுப்போடு இருந்தால் அது அரைவேக்காடு. இன்னும் மெல்லியதாக வெட்டிப் புதிய திரவத்தில் போட வேண்டும்.

கறும்பழுப்புப் புள்ளிகள் குழாய்த் தண்ணீரின் கணக்கு. பஃபர், அதாவது அமிலத்தன்மை ஏறாமல் பிடித்து வைக்கும் உப்புக் கலவை, இல்லாத ஃபார்மலின் நாளாக ஆக ஃபார்மிக் அமிலமாக மாறிக்கொண்டே போகும். பிஹெச் 6-க்குக் கீழே இறங்கினால், ரத்தம் நிறைந்த திசுவில் ஹீமோகுளோபினோடு சேர்ந்து இந்த நிறமியை உண்டாக்கும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் இது அதிகம். இரும்புச்சத்துப் படிவு என்றோ மலேரியா நிறமி என்றோ தவறாக எழுதிவிட வாய்ப்புண்டு. இதற்கு மருந்து பஃபர். 1 லிட்டருக்கு: ஃபார்மலின் 100 மி.லி., வாலைவடித்த நீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பிஹெச் 7-ஐ ஒட்டி வரும். மீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டு, கலந்த தேதியை பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். விலை ஒன்றும் பெரிதில்லை. ஒரு எலியை வளர்க்க ஆகும் செலவில் எத்தனையோ லிட்டர் கலக்கலாம்.

சரி, நறுக்கிப் போட்டாயிற்று, பஃபரும் உண்டு. எத்தனை நாள் வைப்பது? இந்த அளவுத் துண்டுகளுக்கு அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம். அதன் பிறகு கழுவிவிட்டு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிவிடுங்கள். அங்கே அது உங்களுக்காகக் காத்திருக்கும். ஃபார்மலினிலேயே விட்டால் பாலங்கள் கூடிக்கொண்டே போகும். ஹெச் அண்ட் இ ஸ்டெயினுக்கு (ஹீமடாக்சிலினும் இயோசினும் சேர்ந்த வழக்கமான சாயம்) அது பெரிய கேடில்லை. ஆன்டிபாடிக்குத்தான் ஆபத்து. ஆன்டிபாடி தேடி வரும் சிறு இடம் பாலங்களுக்கு அடியில் மறைந்துவிடும். மனித மார்பகப் புற்றுநோய்த் திசுவுக்கு அமெரிக்க வழிகாட்டுதல்கள் 6 முதல் 72 மணி நேரம் என்று வரம்பு கட்டியிருப்பது இதனால்தான். உங்கள் திசு இருந்தது இரண்டு மாதம். ஆன்டிபாடி மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1991-இல் ஷான்-ரோங் ஷி குழுவினர், செக்‌ஷனை மைக்ரோவேவில் கொதிக்க வைத்தால் மறைந்த இடங்கள் பல திரும்பி வருவதைக் காட்டினார்கள். பிஹெச் 6 சிட்ரேட் பஃபரில் கொதி நிலையை ஒட்டி 20 நிமிடம் வைத்துப் பாருங்கள். வராவிட்டால் பிஹெச் 9 டிரிஸ்-ஈடிடிஏ பஃபரில். வெளி லேபில் இதைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

மூளை நொறுங்கியது பற்றி. இந்த ஒன்றுதான் உங்கள் கையில் நடந்ததில்லை என்று நினைக்கிறேன். மனிதத் திசுவுக்கு ஓடும் இயந்திரத்தில் இரவு முழுவதும் எலித் திசுவை ஓட்டினால் ஆல்கஹாலும் சைலீன் என்ற கரைப்பானும் சூடான பாரஃபின் மெழுகும் சேர்ந்து கடைசிச் சொட்டு ஈரத்தையும் உறிஞ்சிவிடும். மெல்லிய சீவல் எடுக்கும் மைக்ரோடோமின் பிளேடு படும்போது திசு உதிர்ந்துவிடும். எலிக்கும் சுண்டெலிக்கும் குறுகிய நேர அட்டவணை வைத்திருக்கிற லேபில் கொடுங்கள். கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் நோய்க்குறியியல் துறையில் விசாரித்தால் கிடைக்கும்.

மூளைக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சுருங்கிக் கறுத்த நியூரான்களைப் பார்த்து உங்கள் மருந்து நரம்பைச் சிதைக்கிறது என்று நினைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதைத் தீசிஸில் எழுதாதீர்கள். ஃபிக்ஸ் ஆகாத, அதாவது ஃபார்மலினில் இன்னும் இறுகாத, மூளையை விரலால் அழுத்தினாலே, மண்டையோட்டிலிருந்து அவசரமாகத் தோண்டி எடுத்தாலே நியூரான்கள் இப்படிக் கறுத்துச் சுருங்கும். இது கைபட்ட காயம், நோய் கிடையாது. மூளையை ரத்தக்குழாய் வழியாக, உடலுக்குள் இருக்கும்போதே ஃபிக்ஸ் செய்ய வேண்டும். ஊடுருவும் ஆழம் பற்றிய கவலையே அப்போது இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்தில் ஒரு நுண்குழாய் இருக்கிறது.

எலி ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பதைக் காலைக் கிள்ளி உறுதி செய்துகொள்ளுங்கள். அசைவு இருந்தால் தொடங்கவே கூடாது. இதெல்லாம் உங்கள் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட முறையில், பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டியது. மார்பைத் திறந்து, முனை மழுங்கிய ஊசியை இதயத்தின் இடது வென்ட்ரிக்கிள் (கீழறை) வழியாக மகாதமனிக்குள் செலுத்தி, வலது ஏட்ரியத்தில் (மேலறை) ஒரு சிறு வெட்டு. முதலில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த சலைன் (உப்பு நீர்). வெட்டு வழியே வரும் ரத்தம் வெளிறி நீராக மாறும். அப்போது கல்லீரலைப் பாருங்கள். அடர்சிவப்பு மெல்ல மெல்ல விலகி, வெளிறிய பழுப்புக்கு வந்துவிடும். அதுதான் நல்ல அறிகுறி. பிறகு 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு (தூளிலிருந்து புதிதாகக் கரைத்த ஃபார்மால்டிஹைடு), வளர்ந்த எலிக்குச் சுமார் 250 மி.லி. வாலும் கால்களும் துடிக்கும், கழுத்து விறைக்கும். மூக்கிலிருந்து திரவம் வழிந்தால் அழுத்தம் அதிகம், அல்லது ஊசி இதயத்தின் நடுச் சுவரைத் துளைத்து வலப்பக்கம் போய்விட்டது என்று பொருள். கொஞ்சம் பின்னால் இழுங்கள். பம்ப் இல்லாவிட்டால் பாட்டிலைச் சுமார் நாலரை அடி உயரத்தில் தொங்கவிட்டாலே 100 மி.மீ. பாதரச அழுத்தம் கிடைக்கும்; எலியின் சொந்த ரத்த அழுத்தமும் அந்த அளவுதான்.

முடிந்ததும் மூளையை உடனே எடுக்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது மண்டையோட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு, பிறகு எடுத்து, அதே திரவத்தில் 4 டிகிரியில் ஓர் இரவு. பாராஃபார்மால்டிஹைடு தூளை 60 டிகிரிக்கு மேல் சூடாக்காமல், சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுக் கரைத்து, வடிகட்டி, பிஹெச் 7.4-க்குக் கொண்டுவந்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். உறைய வைத்து வெட்டப் போகிறீர்கள் என்றால் அடுத்து 30 சதவீத சர்க்கரைக் கரைசல், மூளை மிதப்பதை விட்டு அடியில் தங்கும் வரை. இரண்டு மூன்று நாள் ஆகலாம். அவசரப்பட்டு முன்பே உறைய வைத்தால் பனிப் படிகங்கள் திசுவில் ஓட்டைகள் போட்டுவிடும். உறைய வைக்கும்போது திரவ நைட்ரஜனில் நேராகப் போடாதீர்கள். திசுவைச் சுற்றி ஆவிப்படலம் உண்டாகி, குளிர் போய்ச் சேரத் தாமதமாகும். நைட்ரஜனில் குளிர வைத்த ஐசோபென்டேன் என்ற திரவத்தில் போடுவதுதான் வழி.

விரைக்கு ஃபார்மலினே வேண்டாம். விந்தணுக் குழல்கள் சுருங்கி ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். போயின் திரவம் பயன்படுத்துங்கள்: செறிவூட்டிய பிக்ரிக் அமிலக் கரைசல் 75 மி.லி., ஃபார்மலின் 25, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5. முதலிலேயே குறுக்கே வெட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் பிதுங்கி வந்துவிடும். உறையில் ஊசியால் சில இடங்களில் குத்திவிட்டுப் போட்டு, சில மணி நேரம் கழித்து இறுகியதும் வெட்டுங்கள். மொத்தம் 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்; பிறகு மஞ்சள் போகும்வரை 70 சதவீத ஆல்கஹாலை மாற்றிக்கொண்டே இருங்கள். போயினில் வைத்த திசுவிலிருந்து டிஎன்ஏ எடுக்க நினைக்காதீர்கள், அது துண்டு துண்டாகிவிடும். பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும் என்பதால் அந்தப் பாட்டிலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும்; மூடியின் திருகில் மஞ்சள் படிகம் காய்ந்திருந்தால் திறக்கவே திறக்காதீர்கள்.

இதனால்தான் எந்த ஸ்டெயின் போடப் போகிறோம் என்பதை எலியைத் தொடும் முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கல்லீரலில் கொழுப்பை ஆயில் ரெட் ஓ என்ற சாயத்தில் பார்க்க வேண்டுமா? ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். திசுவைப் பதித்த பாரஃபின் மெழுகுக் கட்டியில் (பிளாக்) வெற்று வட்டங்கள்தான் மிஞ்சும். ஒரு துண்டை உறைய வைத்தே ஆக வேண்டும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்றால் குளூட்டரால்டிஹைடு, அதுவும் 1 மி.மீ. கனசதுரமாக நறுக்கி. எலும்பு என்றால் முதலில் ஃபார்மலின், அப்புறம்தான் சுண்ணாம்புச் சத்தை ஈடிடிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலில் வாரக் கணக்கில் எடுப்பது. நுரையீரலை மூச்சுக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றி விரித்துவிட்டுப் போட வேண்டும், சுருங்கிய நுரையீரலில் படிக்க ஒன்றுமில்லை.

இன்னொன்று, உங்கள் கேள்வியில் இல்லாதது. கன்ட்ரோல் எலிகளைத் திங்கட்கிழமையும் மருந்து கொடுத்தவற்றைச் செவ்வாய்க்கிழமையும் எடுத்ததாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிச் செய்யவே கூடாது. இரண்டாம் நாள் கை பழகியிருக்கும், திரவம் ஒரு நாள் பழசாகியிருக்கும். அந்த வித்தியாசம் ஸ்லைடில் மருந்தின் விளைவாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். குழுக்களைக் கலந்து, ஒன்று விட்டு ஒன்றாக எடுங்கள். உயிர் போனதிலிருந்து திரவத்தில் போடும் வரை எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு எலிக்கும் குறித்து வையுங்கள். திசுத் துண்டை வைக்கும் காசெட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் அழிந்துவிடும். எல்லாவற்றையும், நெடியை உறிஞ்சி வெளியேற்றும் ஹூடுக்குள் செய்யுங்கள். ஃபார்மால்டிஹைடு மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே அறிவித்துவிட்டது. கண் எரியும் அளவுக்கு அறையில் நெடி இருந்தால் வேலையை நிறுத்துங்கள்.

இப்போது கையில் இருப்பதை முழுசாகத் தூக்கி எறிய வேண்டாம். கல்லீரலின் வெளிப்புற 2 மி.மீ. நன்றாகத்தான் இருக்கிறது. மீதத் திசு இருந்தால் மேற்பரப்பை ஒட்டிய பகுதியை மட்டும் சீவி, 24 எலிகளுக்கும் ஒரே மாதிரி, புதிய பிளாக் போடுங்கள். எந்தப் பகுதியைப் படித்தீர்கள் என்பதையும், இரண்டு குழுக்களையும் தனித்தனி நாளில் எடுத்ததையும் தீசிஸில் மறைக்காமல் எழுதுங்கள். ஸ்டெயின் போடும் முன் செக்‌ஷனைச் செறிவூட்டிய ஆல்கஹால் பிக்ரிக் அமிலத்தில் வைத்துக் கழுவினால் கறும்புள்ளிகள் போய்விடும். முதலில் 15 நிமிடம், போகவில்லை என்றால் ஓரிரு மணி நேரம். மூளைகளையும் விரைகளையும் காப்பாற்ற வழியில்லை. அடுத்த தொகுதிக்கு நெறிமுறைக் குழுவிடம் போகும் முன், வேறு ஆய்வில் எப்படியும் உயிர்நீக்கம் செய்யப்படவிருக்கும் ஒரு எலியின் உறுப்புகளைக் கேட்டு வாங்கி, ஃபார்மலினிலிருந்து ஆன்டிபாடி வரை முழுச் சுற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அந்த ஸ்லைடு ஓரத்திலிருந்து நடுவரை ஒரே மாதிரி வந்த பிறகு விண்ணப்பத்தை எழுதலாம்.